வீக்கத்துக்குப் போட்ட தங்கம்

எங்கள் குடும்பத்தில் முகம் வீங்காதவர்களைக் கொஞ்சம் சந்தேகமாகத்தான் பார்ப்போம். கல்யாண ஆல்பங்களைப் புரட்டினால் தெரியும். ஒன்றில் அப்பாவின், எங்கள் பேச்சில் நைனாவின், மேலுதடு மூக்கைத் தொட்டுக்கொண்டிருக்கும். இன்னொன்றில் பெரியப்பாவுக்கு ஒரு கண் இருக்காது, வீக்கத்துக்குள் போய் உட்கார்ந்திருக்கும். பத்தாம் வகுப்புப் பரீட்சையின்போது, ஹால் டிக்கெட் போட்டோவில் இருப்பது நான்தான் என்று நானே சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. வீக்கம் திடீரென்று வரும், இரண்டு மூன்று நாள் குந்தியிருக்கும், யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போய்விடும். அரிப்பு கிடையாது, காய்ச்சல் கிடையாது. அதனால் அதை நோய் என்று சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை. குடும்ப ஜாடை என்றே வைத்திருந்தோம்.

சித்தூர்ப் பக்கம் பங்காருபாளையத்தை ஒட்டித் தமிழ் பேசும் சின்ன ஊர் எங்களுடையது. அடுத்தவர் தோப்பில் மாங்காய் பறிக்கக் கூலிக்குப் போன குடும்பம். நைனாவும் பெரியப்பாவும் சேர்ந்து சொந்தமாக ஒரு தோப்பு வைத்தார்கள். அந்தத் தோப்பில் முதல் காய் இறங்கிய வருஷம் எனக்கு உதடு வீங்கியது. மாங்காய்ப் பால் பட்டுவிட்டது என்று ஊரே தீர்ப்புச் சொல்லிற்று. அன்றிலிருந்து எனக்கு மாம்பழம் கிடையாது. அடுத்த முறை வீங்கியபோது கத்தரிக்காய் போயிற்று. அதற்கடுத்து கருவாடு, அப்புறம் வேர்க்கடலை, அப்புறம் முட்டை. வீட்டைச் சுற்றிப் பங்கனப்பள்ளி பழுத்துத் தொங்க, வெறும் ரசம் சோறு தின்று வளர்ந்த பெண் நான். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரம் பொங்குகிறது.

பண்டத்தை நிறுத்துவது தடுப்புக்கு. வைத்தியத்துக்குப் பெரியம்மாவின் கோதுமைச் செயின். தாடை வீங்கினால் அது பொன்னுக்கு வீங்கி, கழுத்தில் தங்கம் போட்டால் வடிந்துவிடும் என்பது எங்கள் பக்கத்தில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். அது ஒரு ஆளுக்கு ஆயுசில் ஒரு தடவைதான் வரும் என்பதும் தெரியும். எங்கள் வீட்டில் மட்டும் மாங்காய் சீசன் மாதிரி வருஷா வருஷம் வருவது ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. வீங்கியவுடன் பெரியம்மா தன் கழுத்திலிருந்து செயினைக் கழற்றி, வீங்கியவர் கழுத்தில் போடுவார். தானாக வடிகிற வீக்கம் தானாக வடியும். பேர் செயினுக்குப் போகும். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தாடை வீங்கினாலும் எங்கள் வாசலில்தான் ஆள் வந்து நிற்கும். பெரியம்மாவின் முகத்தில் அப்போது ஒரு பெருமை வரும் பாருங்கள், பெரிய டாக்டர்களுக்கெல்லாம் அது வராது.

அந்தச் செயின் தோற்றது ஒரே ஒரு தடவை. பெரியப்பாவுக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கியிருந்தார்கள். அன்று சாயங்காலம் தாடை வீங்கியது. மறுநாள் காலையில் அவர் குரல் கட்டிப்போனது. பெரியம்மா செயினைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். எப்போதும் போல வடிந்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். மத்தியானச் சோற்றுக்கு முன்னால் மூச்சு அடைத்து அவர் போய்விட்டார். பாக்கு தொண்டையில் சிக்கிக்கொண்டது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். பல் பிடுங்கிய வாயில் யாராவது பாக்குப் போடுவார்களா? கேட்டுச் சண்டை பிடிக்கிற தெம்பு அன்றைக்கு எங்கள் யாருக்கும் இல்லை. பெரியம்மா அதன் பிறகு அந்தச் செயினைத் தன் கழுத்தில் போட்டுக்கொள்ளவே இல்லை. வீங்கியவர் யார் கேட்டாலும் பீரோவிலிருந்து எடுத்துக் கொடுப்பார், திருப்பி வாங்கி வைப்பார்.

நான் படித்து முடித்துத் திருச்சானூரில் ஒரு லாட்ஜில் ரிசப்ஷனுக்கு வந்து சேர்ந்தேன். அம்மனைப் பார்க்க வருகிற கூட்டத்துக்கு ரூம் கொடுக்கிற வேலை. போன வருஷம் எங்கள் முதலாளி, முகத்தைக் காட்டினால் வருகை பதிவாகும் மெஷின் ஒன்றை வாங்கி மாட்டினார். மாட்டிய வாரமே எனக்கு வீங்கிவிட்டது. மெஷின் என்னைப் பார்த்துச் சிவப்பு விளக்கைப் போட்டது. கண்ணாடியைக் கழற்றிக் காட்டினேன், பக்கவாட்டில் காட்டினேன், சிரித்துக்கூடக் காட்டினேன். அந்த முகத்தோடு சிரித்தது தப்பு, வரிசையில் பின்னால் நின்ற ரூம் பையன் இரண்டடி தள்ளிப் போனான். கவுண்டரில் நாள் முழுக்க உட்கார்ந்து வேலை செய்துகொண்டே நான் ஆப்சென்ட் ஆனேன். வீக்கம் வடிந்த பிறகு அறையைக் காலி செய்ய வந்த ஒரு குண்டூர்க்காரர், "முன்னாடி இருந்த மேடம் எங்க? அவங்க பாவம், நல்லவங்க," என்று என்னிடமே விசாரித்தார்.

முதலாளிக்கு என்மேல் அக்கறையா, மெஷின்மேல் அக்கறையா தெரியாது. திருப்பதியில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தால்தான் ஆயிற்று என்று துரத்தினார். அதற்கு முன் நான் பார்த்த டாக்டர்கள் எல்லோரும் நான் என்ன சாப்பிட்டேன் என்றுதான் கேட்டிருக்கிறார்கள். அலர்ஜி மாத்திரை கொடுப்பார்கள். அது வீக்கத்தை ஒன்றும் செய்யாது, என்னைத் தூங்கவைக்கும். இந்த டாக்டரம்மா என்னைவிடச் சின்னப் பெண். சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "மீ நான்னகாரிக்கி கூடா இலாகே ஒஸ்துந்தா?" என்றார். எங்கள் அப்பாவுக்கும் வருமா என்று இத்தனை வருஷத்தில் ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் ஆல்பத்தை ஆரம்பத்திலிருந்து சொன்னேன். பெரியப்பாவின் பல்லுக்கு வந்தபோது அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

ரத்தம் எடுத்து வெளியூருக்கு அனுப்பினார்கள். முடிவு வந்த அன்று டாக்டரம்மா பாதித் தெலுங்கும் பாதித் தமிழுமாக எனக்குப் பாடம் நடத்தினார். நம் ரத்தத்தில் நிரப்புப் புரதங்கள் என்று ஒரு கூட்டம் இருக்கிறதாம். பெரும்பாலும் ஈரலில் பிறந்து, ரத்தத்தோடு சும்மா தூங்கிக்கொண்டே சுற்றி வருமாம். ஒரு கிருமி உள்ளே வந்தால் முதல் புரதம் விழித்து அடுத்ததை வெட்டி எழுப்பும், அது அடுத்ததை எழுப்பும். சில புரதங்கள் கிருமியின் மேல் ஒட்டிக்கொண்டு, இதைத் தின்னு என்று வெள்ளை அணுக்களுக்கு அடையாளம் காட்டும். சில, ஆளைக் கூட்டி வரும். கடைசியில் நாலைந்து சேர்ந்து வளையமாக நின்று கிருமியின் தோலில் ஓட்டையே போட்டுவிடும். ஊரில் ஒருவன் திருடன் என்று கத்த, வீட்டுக்கு வீடு எழுப்பிவிட்டு எல்லோரும் தடியோடு ஓடுவது போலத்தான். அப்படி ஓடுகிற ஊரில், "டேய், அது கன்னுக்குட்டிடா, போய்ப் படுங்க," என்று சொல்ல ஒரு பெரிய மனுஷன் வேண்டுமே. ரத்தத்தில் அந்தப் பெரிய மனுஷன் சி-ஒன் இன்ஹிபிட்டர் என்கிற இன்னொரு புரதம். எங்கள் குடும்பத்தில் அவர் பாதிதான் பிறந்திருக்கிறார்.

அவருக்கு இன்னொரு வேலையும் உண்டாம். ரத்தக் குழாயின் சுவரைத் தளர்த்திவிடுகிற பக்கத்துக் கூட்டம் ஒன்றையும் அவர்தான் பிடித்து வைத்திருக்கிறார். அவர் இல்லாவிட்டால் குழாயிலிருந்து நீர் கசிந்து முகம் வீங்கும், குடல் வீங்கும், தொண்டையும் வீங்கும். மாங்காய்க்கும் கத்தரிக்காய்க்கும் இதில் ஒரு சம்பந்தமும் இல்லை. அன்று சாயங்காலமே நான் ஒரு டஜன் பங்கனப்பள்ளி வாங்கித் தனியாக உட்கார்ந்து தின்றேன். பாதியில் அழுகை வந்துவிட்டது, தின்பதை நிறுத்தவில்லை.

டாக்டரம்மா சொன்னதில் ஒன்று மட்டும் எனக்குப் பழத்தோடு இறங்கவில்லை. "பல்லு ஜாக்கிரதைம்மா. பல் பிடுங்கினால் இந்தத் தொண்டை மூடிக்கொள்ளும். அதற்கு முன்னால் அந்தப் புரதத்தை உள்ளே ஏற்றிவிட வேண்டும். மருந்தாகக் கிடைக்கும், கிடைக்காவிட்டால் யாராவது தானம் கொடுத்த ரத்தத்தின் பிளாஸ்மாவில் அது இருக்கிறது. உங்க நைனாவுக்கும் சொல்லிவிடுங்கள்," என்றார். நைனாவுக்கு ஒரு வாரமாகக் கடைவாய்ப் பல் வலி. கிராம்பு வைத்துக்கொண்டு மாங்காய் மண்டிக்குப் போய் வந்துகொண்டிருந்தார்.

போனில் சொன்னேன். சிரித்தார்.

"பல்லு புடுங்கறதுக்கு ரத்தம் ஏத்துவாங்களா? மாங்கா பறிக்கறதுக்கு மரத்துக்கு ஆப்பரேசன் பண்ற கதையா கீதே. அண்ணி செயின் கீது. போட்டுக்கினு போய்ப் புடுங்கிக்கினு வந்துடுவேன்."

"பெரியப்பாவும் அத்தத்தான் நைனா போட்டுக்கினு இருந்தாரு."

போனை வைத்துவிட்டார். எங்கள் வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

மறுநாள் காலையில் பெரியம்மாவிடமிருந்து போன் வந்தது. அம்மா இறந்த பிறகு நைனாவுக்குச் சாப்பாடு பெரியம்மா வீட்டில்தான். "உங்க நைனா சித்தூருக்குப் போய்கீறாரு. செயின வாங்கிப் போட்டுக்கினுதான் போய்கீறாரு, நீ ஒண்ணும் கவலப்படாத," என்றார். நைனாவுக்குப் போன் போட்டேன். பெரியம்மாதான் எடுத்தார், போன் அங்கேயே சார்ஜில் கிடந்ததாம். ரிசப்ஷன் சாவியை ரூம் பையன் கையில் திணித்துவிட்டு, ஷேர் ஆட்டோவில் ஓடி, சித்தூர் பஸ்ஸில் ஏறினேன். வழியெல்லாம் பெரியப்பாவின் கட்டிப்போன குரல்தான் காதில் கேட்டது. கண்டக்டர் இரண்டு தடவை டிக்கெட் கேட்ட பிறகுதான் நான் காசை எடுத்தேன். பயம்.

பல் டாக்டர்கள் லேட்டாக வருகிறார்கள் என்று இனி நான் ஜென்மத்துக்கும் குறை சொல்ல மாட்டேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில், எங்கள் ஊர் ஆட்கள் பல்லுக்குப் போகிற அந்த மாடிக்கு நான் மூச்சு வாங்க ஏறியபோது, டாக்டர் அப்போதுதான் வந்து முதல் ஆளாக நைனாவைச் சாய்வு நாற்காலியில் படுக்கவைத்திருந்தார். நைனாவின் வாய் விளக்கு வெளிச்சத்தில் அகலமாகத் திறந்திருந்தது. கழுத்தில் செயின் மின்னியது. டாக்டர் மரத்துப்போகிற ஊசியைக் கையில் எடுத்திருந்தார்.

"சார், ஆகண்டி!" என்று நிறுத்தச் சொல்லி நான் போட்ட சத்தத்தில் வெளியே காத்திருந்த ஒரு அம்மாள் பல் வலி போய்விட்டது என்று எழுந்து வீட்டுக்கே கிளம்பிவிட்டார். என் ரத்தப் பரிசோதனைக் காகிதத்தை நீட்டினேன். டாக்டர் படித்தார். நிமிர்ந்து நைனாவைப் பார்த்தார். ஊசியைத் தட்டில் வைத்துவிட்டுத் தன் நாற்காலியைச் சுவர் வரைக்கும் தள்ளிக்கொண்டு போனார். "பெத்தாயனா, இது என் கையால ஆகாது. திருப்பதி வெள்ளிப்போ," என்று திருப்பதிக்கே போகச் சொன்னார். நைனா வாயைத் திறந்தபடியே படுத்திருந்தார். என் ஆயுசில் நான் பேச அவர் குறுக்கே பேசாமல் கேட்டது அந்த ஒரு தடவைதான், நான் மூச்சு விடாமல் திட்டித் தீர்த்தேன்.

திருப்பதி பஸ்ஸில் அவர் ஜன்னல் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். காணிப்பாக்கம் ரோடு தாண்டிய பிறகு செயினை விரலால் நெருடிக்கொண்டே சொன்னார்.

"நீ படிச்சவ. நீ சொல்றது நெசமாத்தான் இருக்கும். எனக்கின்னா புரியாதா? இந்தத் தங்கத்தால ஒண்ணும் ஆவாதுன்னு நான் ஒத்துக்கினு ஆஸ்பத்திரிக்குப் போனா, உங்க பெரிம்மா இன்னா நெனைக்கும்? அன்னிக்கு செயினப் போட்டுட்டு உக்காந்துக்கினு இருந்தோமே, இட்டுக்கினு போயிருந்தா பொழச்சிருப்பாரேன்னு நெனைக்கும். இத்தினி வருசம் கழிச்சு அத்த நான் அது தலையில போடணுமா?"

இந்த மனுஷன் தன் தொண்டையைப் பணயம் வைத்தது பிடிவாதத்தால் அல்ல, அண்ணியின் மனசுக்காக. என் கோபமெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அவர் தோளில் சாய்ந்துகொண்டேன். "நவுந்து உக்காரு, பல்லு வலிக்குது," என்றார்.

டாக்டரம்மா நைனாவின் ரத்தத்தையும் பரிசோதனைக்கு எடுத்துக்கொண்டார். பல் சீழ் பிடித்திருந்ததால் முடிவுக்குக் காத்திருக்க முடியாது, குடும்பக் கதையே போதும், பிளாஸ்மாவை ஏற்றிவிட்டுப் பிடுங்கலாம் என்றார். நைனாவைப் படுக்கவைத்தார்கள். நர்ஸ் வந்து, "பங்காரம் தீசெய்யண்டி," என்று செயினைக் கழற்றச் சொன்னார். நைனா கழுத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். டாக்டரம்மா ஒரு நொடி பார்த்துவிட்டு, "உண்டனீ, உண்டனீ," என்று சொல்லிவிட்டார். இருக்கட்டுமாம். எனக்கு அந்தப் பெண்ணை அப்போதே கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

நைனாவின் அடுத்த கவலை வேறு. "ஏத்தறது யாரோட ரத்தம்? தமிழாளா, தெலுங்காளா?"

"குப்பம் ரத்ததான கேம்ப்ல எடுத்தது தாத்தா," என்றார் நர்ஸ், ஊசியைக் குத்திக்கொண்டே. "கன்னடமாகூட இருக்கலாம்."

"மூணுமா?" என்றவர் கொஞ்சம் யோசித்தார். "சரி, உள்ள போய் சண்ட போட்டுக்காம இருந்தா போதும்."

அப்போதுதான் உறைந்திருந்த பிளாஸ்மாவை இளக்கி, பையைக் கொண்டுவந்து தொங்கவிட்டார்கள். நைனா சிவப்பாக எதையோ எதிர்பார்த்திருந்தார் போலிருக்கிறது. ரத்தத்திலிருந்து சிவப்பை எடுத்துவிட்டால் மிஞ்சுவது மஞ்சள் நீர். ஜன்னல் வெயில் பையின் மேல் விழுந்து, அது தகதகவென்று இருந்தது. நைனா தலையைத் தூக்கிப் பார்த்தார். பையைப் பார்த்தார், குனிந்து கழுத்துச் செயினைப் பார்த்தார், மறுபடி பையைப் பார்த்தார்.

"போட்டோ எடு," என்றார். "அதையும் செயினையும் சேத்தாப்ல எடு. அண்ணிக்கு அனுப்பு."

பல் சுலபமாக வந்துவிட்டது. கஷ்டம் அதற்கப்புறம். "பேச வைத்துக்கொண்டே இருங்கள், குரல் மாறினால் உடனே கூப்பிடுங்கள்," என்று டாக்டரம்மா சொல்லிவிட்டுப் போனார். ஆனால் வாயில் பஞ்சைக் கடிக்கச் சொல்லியிருந்தார்கள். ஊரில் ஒருவரையும் பேசவிடாத மனுஷன், பேசியே ஆக வேண்டிய அன்றைக்குப் பஞ்சைக் கடித்துக்கொண்டு பொம்மை போலப் படுத்திருந்தார். நான் அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பெரியம்மா அன்று எப்படி உட்கார்ந்திருந்திருப்பார் என்று எனக்கு அப்போது புரிந்தது. "நைனா, ஏதாவது பேசு. ம்ம்-னாவது சொல்லு. நைனா. நைனா." விடாமல் நச்சரித்தேன். கடைசியில் அவர் பஞ்சைத் துப்பினார்.

"தே, சும்மா கெடக்க மாட்டியா நீ? காலையிலேர்ந்து காச்சுமூச்சுன்னு கத்திக்கினு கீற! நானே பல்லு போன துக்கத்துல கீறேன்!"

வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கட்டாத, கரகரக்காத, மண்டியில் ஏலம் கேட்கிற அதே முரட்டுக் குரல். அவ்வளவு சந்தோஷமாக நான் யாரிடமும் திட்டு வாங்கியதில்லை. இன்னும் இரண்டு திட்டு திட்டச் சொன்னேன், திட்டினார்.

இருட்டுவதற்கு முன்னால் பெரியம்மா கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டேன்.

"போட்டோ பாத்தேன். மெய்யாலுமே தங்கமாட்டம் கீதே!"

"அத்தான் அண்ணி நானும் சொல்றேன்," என்றார் நைனா. "இங்கயும் தங்கந்தான் வைத்தியம். நாம கழுத்துல போடறோம், இவுங்க உள்ள போடறாங்க. அவ்ளோதான் வித்தியாசம்."

அந்தப் பக்கம் அடுப்படியில் ஏதோ கொதிக்கிற ஓசை மட்டும் கேட்டது. அப்புறம் பெரியம்மா ரொம்ப மெதுவாகக் கேட்டார்.

"ஏன் தம்பி, இது உங்க அண்ணன் இருந்த காலத்துல இருந்துதா?"

நைனா என்னைப் பார்த்தார். இதே கேள்வியை நான் மத்தியானம் அவர் எதிரிலேயே டாக்டரம்மாவிடம் கேட்டிருந்தேன். பிளாஸ்மா ரொம்பக் காலமாகவே இருக்கிறதம்மா, சித்தூரிலேயே கிடைத்திருக்கும் என்று அவர் சொல்லியிருந்தார். மண்டியில் புழுத்த மாங்காயைச் சர்க்கரைக் கட்டி என்று விற்கிற நைனாவுக்கு அந்த நேரம் பார்த்து வாய் வரவில்லை. "அது வந்து அண்ணி..." என்று இழுத்தார். நான் போனைப் பிடுங்கினேன்.

"இல்ல பெரிம்மா. இது இப்பத்தான் வந்துகீது. அப்பல்லாம் கெடையவே கெடையாது."

"மெட்ராஸ்லகூட?"

"எங்கயும் இல்ல பெரிம்மா. எந்த ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போயிருந்தாலும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது."

அவர் மூச்சை இழுத்து விடுவது எனக்குக் கேட்டது. இத்தனை வருஷமாக அடக்கி வைத்திருந்த மூச்சு போல நீளமாக இருந்தது.

"அப்ப சரி," என்றார் பெரியம்மா. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பழைய குரலில் தொடர்ந்தார். "ஊருக்கு வரும்போது அந்த செயின பத்ரமா எடுத்துக்கினு வாங்க. நான் அத்தக் கழுத்துல போட்டு ரொம்ப நாளாச்சு."

நர்ஸ் கேட்டும் கழற்றாத செயினை நைனா அப்போதே கழற்றி, துண்டால் துடைத்து, என் கையில் கொடுத்தார்.